நடையில் நின்ற ஸ்கூட்டர்

மதுரை காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வண்டியை அணைத்துவிட்டு நிற்கிற ஒரு வயதான பெண்மணியைப் பார்த்து நீங்கள் ஹாரன் அடித்திருக்கலாம். அது நான்தான். பச்சை விழுந்த பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்புவேன், ஒத்துக்கொள்கிறேன். பின்னால் நிற்கிற இளவட்டங்கள் கத்தினால் எனக்குக் கோபம் வருவதில்லை. நம் வயதுக்காரர்கள் கத்தினால்தான் பொத்துக்கொண்டு வருகிறது. நாமெல்லாம் எந்தப் புகையில் வளர்ந்தோம் என்பது அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நினைத்துப் பாருங்கள். கொசு மருந்து அடிக்கிற வண்டி தெருவுக்குள் நுழைந்தால் சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினோம். அந்த வெள்ளைப் புகைக்குள் பக்கத்தில் ஓடுகிறவர் முகம் தெரியாது, அதுதான் விளையாட்டே. பஸ் கிளம்பும்போது பின்னால் நிற்கிற ஆட்களின் சட்டை கறுத்துப் போகும். மூக்கில் கைக்குட்டை வைத்தால், "ரொம்பத்தான் அலட்டிக்கிறாரு" என்று சொன்னோம். பெட்ரோல் வாசனை பிடிக்காத பிள்ளை நம் காலத்தில் இருந்ததா? எனக்கு மல்லிகையைவிட அது பிடிக்கும். மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான்.

அப்போது நாங்கள் ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையை ஒட்டிய கோச்சடையில் குடியிருந்தோம். இப்போதிருக்கிற கோச்சடை இல்லை. நாலு வீட்டுக்கு ஒரு வயல், வயலை ஒட்டி வாய்க்கால், வாய்க்காலை ஒட்டிக் கொசு. அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அக்காவும் நானும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். அக்கா எட்டாவது, நான் ஐந்தாவது. அக்கா பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் முன்வரிசை. அவள் குரல் எடுத்தால் ஜன்னலுக்கு வெளியே போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் பாடினால் அவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்.

பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு அப்பாவுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. வெளிர்நீல நிறம். எங்கள் சபை ஐயர், அதாவது சர்ச் போதகர், வீட்டுக்கு வந்து, ஹெட்லைட்டின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார். பேரையூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது அவர்தான். அத்தைக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவருக்கு அது தன் வீட்டில் நடந்தது மாதிரி.

வண்டி வந்துவிட்டது, எங்கே நிறுத்துவது? தெருவில் விட்டால் காலையில் இருக்காது என்று அப்பா பயந்தார். அதனால் வாசல்படி மேல் ஒரு பலகையைப் போட்டு, வண்டியை உருட்டி, வாசல் கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த நடையில் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்த எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லுகிற வீடுகள், சேறு பூசிய சக்கரத்தை உள்ளே விட்டன.

காலையில் அதை ஸ்டார்ட் பண்ணுவதும் உள்ளேயேதான். அப்பா வண்டியை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், நிமிர்த்துவார், உதைப்பார். நாலைந்து உதைக்குப் பிறகு அது இருமிக்கொண்டே எழுந்திருக்கும். உடனே எடுத்துக்கொண்டு போக மாட்டார். எஞ்சின் சூடாக வேண்டுமாம். அதை ஓடவிட்டுவிட்டுத் தலை சீவுவார், பவுடர் போடுவார், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொள்வார். அதுவரைக்கும் நீலமும் வெள்ளையுமாகப் புகை கூடத்துக்குள் வந்து, மின்விசிறிக் காற்றில் சுற்றி, சமையலறைக்குப் போய், இட்லி வாசனையோடு சேர்ந்து திரும்பி வரும். தெருவில் வைத்து உதைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் உதையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் தெருவே வேடிக்கை பார்க்கும், அப்பாவுக்கு அது ஆகாது. எங்கள் வீட்டு மானம் முழுவதும் அந்தக் கிக்கரில்தான் இருந்தது.

அந்த வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்ரோல் பங்கில் அளவாகத்தான் கலந்து கொடுப்பார்கள். அப்பாவுக்கு மனசு ஆறாது. வீட்டில் ஒரு குப்பியில் ஆயில் வைத்திருந்தார். பிள்ளைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றுவார். மெக்கானிக்கும் அவருக்கு ஏற்ற ஆள். "ஆயிலு கூட ஊத்துனாத்தாண்ணே எஞ்சினு நின்னு பேசும்" என்பான். எஞ்சின் பேசியதோ இல்லையோ, புகை நன்றாகப் பேசியது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் அக்காவுக்கு இரைப்பு வந்தது. இன்றைக்கு வீசிங் என்கிறார்களே, அதேதான். நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி சத்தம் கேட்கும். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். பாட்டில் ஒரு வரியைப் பிடித்தால் அதன் பாதியில் நின்றுவிடுவாள். பாட்டு டீச்சர் அவளை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார், பிறகு உட்காரச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு குற்றவாளியைத் தேட ஆரம்பித்தது. முதலில் ஐஸ் மாட்டியது. அப்புறம் தயிர், திராட்சை, ஞாயிற்றுக்கிழமைத் தலைக்குளியல். பக்கத்து வீட்டுப் பூனைமேல் சந்தேகம் வந்து அம்மா அதை எங்கே பார்த்தாலும் விரட்டினார். கடைசியில் பின்பக்கம் நின்ற முருங்கை மரம். அதில் கம்பளிப்பூச்சி வருகிறது, அந்த மயிர் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் போகிறது என்று யாரோ சொல்ல, அப்பா ஆள் வைத்து வெட்டிவிட்டார். எத்தனை சாம்பார் கொடுத்த மரம். அதற்குப் பிறகும் அக்காவுக்கு இரைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். "இந்தப் பிள்ளைக்குப் புகையே ஆகாதும்மா. கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு எதுவும் வேண்டாம். நல்ல காத்து கிடைக்கணும்."

அப்பா டாக்டர் பேச்சைத் தட்டாதவர். அன்றைக்கே கொசுவத்திச் சுருளை எல்லாம் அள்ளி வாய்க்காலில் போட்டார். அம்மா தலைமுடி உலர்த்துகிற சாம்பிராணிக் கூடை பரணுக்குப் போனது. எதிர்வீட்டில் சருகு கொளுத்தியதற்கு அப்பா போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். வீட்டில் புகை என்று ஒன்று இல்லை. ஆனால் கொசு? சாயங்காலம் ஆனால் வாயைத் திறக்க முடியாது.

ஒரு நாள் அப்பா வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு, அணைக்க மறந்து, குளியலறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் நடையில் ஒரு கொசு இல்லை. கூடத்திலும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியா? சுருளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தெனம் இம்புட்டு நேரம் ஓடவிட்டாப் போதும்."

அம்மாவும் சிரித்தார். நான் கைதட்டினேன். அதிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு, நடையில் ஸ்கூட்டரை ஓடவிட்டுக் கொசு விரட்டினோம். டாக்டர் புகை ஆகாது என்று சொன்ன பிள்ளை, கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். ஆனால் எங்களுக்குப் புகை என்றால் நெருப்பிலிருந்து வர வேண்டும். அடுப்பு, சுருள், சருகு, பீடி. ஸ்கூட்டரிலிருந்து வந்ததை யாருமே புகைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது முன்னேற்றத்தின் வாசனை. போதாததற்கு, "நல்ல காத்து" கிடைக்கட்டும் என்று ஞாயிறுதோறும் என்னை முன்னால் நிற்கவைத்து, அக்காவைப் பின்னால் உட்காரவைத்து அப்பா பைபாஸ் ரோட்டுக்குக் கூட்டிப் போவார். லாரிகளுக்குப் பின்னாலேயே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவோம்.

பரீட்சை சமயத்தில் ஒரு காலை. அப்பா வண்டியை ஓடவிட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தார். அக்கா புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தாள். உதடு கறுத்துவிட்டது. அப்பா சீப்பைத் தலையில் சொருகியபடியே அவளைத் தூக்கி, அம்மாவைப் பின்னால் ஏற்றி, அதே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் நடையில் தனியாக நின்றேன். அவர்கள் போன பிறகும் புகை அங்கேயே இருந்தது. அக்கா செத்துப்போய்விடுவாளோ என்று பயந்துகொண்டு அந்தப் புகையை முகர்ந்துகொண்டே நின்றேன்.

அக்கா பிழைத்து வந்தாள். பரீட்சை முடிந்ததும் அத்தை வந்து அவளைப் பேரையூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரிசல் காடு, அனல் காற்று, கண்ணைத் திறக்கவிடாத புழுதி. அந்தப் புழுதியில் அக்காவுக்குக் குணமாகிவிட்டது. நாங்கள் டி. கல்லுப்பட்டியில் பஸ் மாறி அவளைப் பார்க்கப் போனபோது, பஸ்ஸைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஓடி வந்து, நின்று, சிரித்தாள். அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அத்தை பேச்சை எடுத்தார்.

"தம்பி, ஒங்க ஊரு ஆத்தங்கரை ஈரம் பிள்ளைக்கு ஒத்துக்கலப்பா. இங்கனயே இருந்து படிக்கட்டும். பள்ளிக்கூடத்துல நான் கேட்டுட்டேன், எடம் இருக்காம்."

"கோடையில ஆத்துல ஏது மதினி ஈரம்? மணலுதான கெடக்கு" என்றார் அம்மா.

"தண்ணி இல்லன்னா என்னத்தா, மண்ணுல ஈரம் இருக்கும்ல."

பிள்ளை நன்றாக இருப்பது கண்ணுக்கு எதிரே தெரிகிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டே, "சரிக்கா" என்றார். இனிமேல் லீவுக்கு மட்டும்தான் அக்கா வீட்டுக்கு வருவாள் என்பது எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அக்கா என்னைத் தனியாக இழுத்தாள். "நான் நம்ம வீட்டுலயே இருக்கேன்னு அம்மாட்ட சொல்லுடி. மூச்சு முட்டுனாலும் பரவால்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அழ மாட்டேன், ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்னு சொல்லு."

பஸ்ஸில் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வருகிறவரைக்கும் திரும்பவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அக்கா வீட்டுக்கு வந்தாள். துணிமணி எடுத்துக்கொள்ள வேண்டும், இங்கே டி.சி. வாங்க வேண்டும். அத்தை பின்னால் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அப்போது ஸ்கூட்டர் வீட்டில் இல்லை. முந்தின வாரம் எஞ்சின் பிடித்துக்கொண்டு மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. அப்பா டவுன் பஸ்ஸில் போய் வந்தார், அதனால் எரிச்சலாக இருந்தார்.

அக்கா வந்த அன்றைக்கு இரைக்கவில்லை. மறுநாளும் இரைக்கவில்லை. கொசு பிடுங்கித் தின்றது, கையும் காலும் தடித்துப்போனது, ஆனாலும் நெஞ்சில் சத்தம் இல்லை. அம்மா அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "என்னங்க, பிள்ளை நல்லாத்தான இருக்கா?"

"பேரையூர்க் காத்து இன்னும் நெஞ்சுல நிக்கிதுல்ல, அதான்" என்றார் அப்பா. காற்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த மாதிரிதான் சொன்னார்.

ஸ்கூட்டர் வந்தது. அப்பா சந்தோஷமாகப் பலகை போட்டு உள்ளே ஏற்றினார். சாயங்காலம் ஆயிற்று. ஜன்னலைச் சாத்திவிட்டு, சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தார். கூடத்தில் அக்கா புதுச் சீருடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு இருமல். பிறகு ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பூனைச் சத்தம்.

அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தார். வாசல் வழியாக மேற்கு வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வண்டியின் பின்னாலிருந்து புகை கிளம்பிக் கூடத்துக்குள் வருவதும், அக்காவின் தலை உயரத்தில் அது தேங்கி நிற்பதும் அப்படியே தெரிந்தது. தினமும் வந்த புகைதான். அன்றைக்கு விளக்கு வைக்கும் முன்பே, வெயில் இருக்கும்போதே ஓடவிட்டதால் தெரிந்தது.

"அணைங்க" என்றார் அம்மா.

"கொசு வருது, கொஞ்சம் ஓடட்டும்."

"அணைங்கன்னா!"

அம்மா அப்பாவிடம் குரல் உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்பா அணைத்தார். வீடு திடீரென்று அமைதியானது. அக்காவின் நெஞ்சு மட்டும் கேட்டது.

"டாக்டரம்மா புகை ஆகாதுன்னாங்களா இல்லையா? இது என்னது?"

"இது வண்டியில இருந்து வாரது..." அப்பா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வெயிலில் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"வண்டி கடையில கெடந்த அம்புட்டு நாளும் பிள்ளை நல்லா இருந்தா. பேரையூர்லயும் வண்டி கெடையாது. ஆறும் இங்கதான் இருந்துச்சு, மண்ணும் இங்கதான் இருந்துச்சு. வண்டி ஒண்ணுதான இல்ல?" அம்மா வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

அப்பா வெளியே போய் வாய்க்கால் ஓரமாக நின்றுவிட்டார். மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். "வண்டியை வீட்டுக்குள்ளயா ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று திகைத்துப்போய்க் கேட்டார். பிறகு, "நானும் அதைக் கேக்காம விட்டுட்டேனே" என்றார்.

அதற்கடுத்த காலையில் அப்பா வண்டியைப் பலகையில் இறக்கி, தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். நானும் கூடப் போனேன். சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தார். முதல் உதை, இரண்டாவது, மூன்றாவது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "என்னண்ணே, பெட்ரோல் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்குப்பா. வீட்டுல பிள்ளை இருக்கா" என்றார் அப்பா. அவர் முகம் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு நாளும் எந்த வண்டியையும் அவர் வீட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணவில்லை.

குப்பியில் ஆயில் சேர்க்கிற பழக்கம் அத்தோடு போனது. ரயில்வே கேட் சாத்தினால் வண்டியை அணைத்துவிடுவார். ஊரே உறுமிக்கொண்டு நிற்கும்போது அவர் மட்டும் சும்மா நிற்பார், கேட் திறந்ததும் உதைத்துக்கொண்டிருப்பார், பின்னால் இருக்கிறவர்கள் கண்டபடி பேசுவார்கள். கடைக்கு நடந்து போனார். அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனார், இரண்டு வண்டிக்குப் பதில் ஒரு வண்டி. பிற்பாடுதான் புகைச் சோதனை வந்தது, ஆயில் கலக்காத வண்டிகள் வந்தன, இப்போது சத்தமே இல்லாத பேட்டரி வண்டிகளும் வந்துவிட்டன. அக்காவே ஒன்று வைத்திருக்கிறாள். இரைப்பு அவளை முழுசாக விட்டுவிடவில்லை, கைப்பையில் மருந்து எப்போதும் இருக்கும். ஆனாலும் சபையில் இன்றைக்கும் அவள்தான் முதல் குரல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாடா என்று இருக்கும்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அத்தையிடம் வார்த்தை கொடுத்தாகிவிட்டது. அவர் கட்டில் வாங்கிப் போட்டிருந்தார். ஒரு வாரம் இரைக்காமல் இருந்தால் போதுமா, திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

அத்தை காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். காபி குடித்தார். "கெளம்பலாமாத்தா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சொன்னபடியே அழவில்லை.

அப்பா நடையில் நின்றிருந்தார். வண்டி இப்போது வாசலுக்கு வெளியே நின்றது; அது நின்றிருந்த இடத்தில், தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, கோவிச்சுக்காதக்கா. பிள்ளைய அனுப்பல."

"என்னடா சொல்ற? திரும்ப இழுத்துச்சுன்னா?"

"இழுத்தா ஆஸ்பத்திரி இருக்கு, பாத்துக்கிறேன். வெளிய போக வேண்டியது வண்டிக்கா. நான் வண்டிய உள்ள வச்சுக்கிட்டுப் பிள்ளைய வெளிய அனுப்பப் பாத்தேன்."

அத்தை அவரைப் பார்த்தார். வாங்கிப் போட்ட கட்டில் அவர் கண்ணில் தெரிந்தது என்று இப்போது நினைக்கிறேன். பிறகு, "இதக் கண்டுபிடிக்க ஒனக்கு இம்புட்டு நாளாச்சாடா?" என்று சொல்லிவிட்டு, அக்காவின் கையிலிருந்த பையைத் தானே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அக்கா நம்பாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மெதுவாக எங்கள் அறைக்குள் போனாள். பையைத் திறந்து, துணியை எடுத்து, மாட்டுவதற்குச் சுவரைப் பார்த்தாள். அவள் ஆணியில் என் பாவாடை தொங்கியது. அவள் போய்விடுவாள் என்று நான் அன்று காலையிலேயே மாட்டியிருந்தேன்.

"அதுக்குள்ளயாடி! நான் பஸ் ஏறக்கூட இல்ல, அதுக்குள்ள என் ஆணி ஒனக்கு வேணுமா? ஒனக்குன்னு அங்கன ஒண்ணு அடிச்சுக் குடுத்திருக்குல்ல, அது என்ன முள்ளா குத்துது? எடுடி மொதல்ல, எடுக்கிறியா இல்ல வாய்க்கால்ல கொண்டுபோய்ப் போடவா..." வீடு அதிரத் திட்டிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு இடத்தில்கூட நின்று மூச்சு வாங்கவில்லை. கூடத்தில் மூன்று பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.